கூண்டு ஏற்றிய கேப்டன்

அக்டோபர் பாதி தாண்டினாலே டிவி ஸ்க்ரீனுக்குக் கீழே அந்த வரி ஓட ஆரம்பிச்சுடும். நாகப்பட்டினம், கடலூர், பாம்பன் துறைமுகங்களில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கை கூண்டு ஏற்றம். சின்ன வயசில் இதைக் கேட்டு, ஏதோ பெரிய கிளிக்கூண்டு ஒன்றைக் கம்பத்தில் மாட்டுகிறார்கள் போல என்று நினைத்திருந்தேன். அது கூம்பும் உருளையுமாகச் செய்த அடையாளம், தூரத்தில் படகில் இருப்பவர் கண்ணிலும் படவேண்டும் என்பதற்காக உயரத்தில் ஏற்றுவது என்பதே மூன்றாம் வருஷம் ஜிஐஎஸ் எலக்டிவ் எடுத்த பிறகுதான் எனக்குத் தெரியும். இந்தக் கூண்டின் பூர்வீகத்தைத் தேடிக்கொண்டு பின்னால் போனால், 1861-ல் லண்டனில் ஒரு சின்ன ஆபீஸில் மேப் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு கடற்படை அதிகாரியிடம் போய் நிற்கிறோம். அவர் பெயர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய்.

பெயர் கேள்விப்பட்ட மாதிரி இருக்கா? டார்வினைப் பீகிள் கப்பலில் உலகம் சுற்றக் கூட்டிக்கொண்டு போன கேப்டன் இவர்தான். பாட்டகோனியா ஜாக்கெட் லோகோவில் கூர்கூராக ஒரு மலை இருக்குமே, அதுவும் இவர் பெயர் வைத்த மலைதான். ஆனால் இந்த இரண்டையும் விட இவர் செய்த பெரிய வேலை வேறு. அதைத்தான் நம்ம பாடப்புத்தகங்கள் சொல்வதே இல்லை.

1805 ஜூலை 5 அன்று இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் பிறந்தார். ராஜ வம்சத்தோடு தொடர்புள்ள பெரிய இடத்துப் பிள்ளை. பன்னிரண்டு வயதில் போர்ட்ஸ்மவுத் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்து, பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கியவர். 1828-ல் தென் அமெரிக்கக் கடற்கரையை சர்வே செய்துகொண்டிருந்த பீகிளின் கேப்டன் மன அழுத்தத்தில் உயிரை விட்டுவிட, அந்தப் பொறுப்பு இவரிடம் வந்தது. அப்போது வயது 23. நம்மில் பலர் பிளேஸ்மென்ட்டுக்காக உட்கார்ந்திருக்கும் வயசு.

பொறுப்பேற்ற கொஞ்ச நாளிலேயே ஒரு அடி விழுந்தது. 1829 ஜனவரியில் லா பிளாட்டா ஆற்றின் முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் திடீரென்று சூறைக்காற்று அடித்தது. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இரண்டு மாலுமிகள் கடலில் போய்விட்டார்கள். அதற்கு முன்பே காற்றழுத்தமானி இறங்கிக் காட்டியிருந்தது. கருவி சொன்னதை, தான் நேரத்தோடு மதிக்கவில்லை என்ற உறுத்தல் அவருக்குள் தங்கிவிட்டது. பிற்பாடு அவர் செய்த எல்லாவற்றுக்கும் விதை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1831 முதல் 1836 வரை நடந்த இரண்டாவது பயணம்தான் டார்வின் போனது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதியாச்சு. நம்ம டிபார்ட்மென்ட் கண்ணோட்டத்தில் பார்த்தால், அந்தக் கப்பல் மிதக்கும் சர்வே லேப். தீர்க்கரேகையைச் சரியாகக் கணக்கிடுவதற்காக மட்டும் 22 க்ரோனோமீட்டர்கள் கப்பலில் இருந்தன. 1835-ல் சிலி நாட்டின் கன்செப்சியோன் நகரை நிலநடுக்கம் நொறுக்கியபோது, ஃபிட்ஸ்ராய் பக்கத்தில் இருந்த சாந்தா மரியா தீவுக்குப் போய், நிலம் 8 முதல் 10 அடி வரை மேலே எழும்பியிருப்பதை அளந்து குறித்தார். அவர் போட்ட கடல் வரைபடங்களை நம்பி அவருக்குப் பிறகும் பல தலைமுறைக் கப்பல்கள் ஓடின.

திரும்பி வந்து எம்.பி. ஆனார், நியூசிலாந்துக்கு கவர்னராகப் போனார். அங்கே குடியேறிய வெள்ளைக்காரர்களின் நில ஆசைக்கும் மாவோரி மக்களின் உரிமைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, இரண்டே வருஷத்தில் திருப்பி அழைக்கப்பட்டார். அதை விடுவோம்.

1854-ல் பிரிட்டிஷ் வர்த்தக வாரியம் வானிலைக்கென்று ஒரு சின்னத் துறை தொடங்கி அவரைத் தலைவராகப் போட்டது. இன்றைய மெட் ஆபீஸின் ஆரம்பம் அது. கொடுத்த வேலை என்னவோ சாதாரணம்தான். கப்பல்களிடமிருந்து வானிலைக் குறிப்புகளை வாங்கி அட்டவணை போட வேண்டும். வெறும் டேட்டா கலெக்‌ஷன். வருவதை முன்கூட்டிச் சொல் என்று யாரும் கேட்கவில்லை.

1859 அக்டோபர் 25 இரவில் எல்லாம் மாறியது. மெல்போர்னிலிருந்து இரண்டு மாதம் பயணம் செய்து லிவர்பூல் வந்துகொண்டிருந்த ராயல் சார்ட்டர் என்ற கப்பல், மறுநாள் விடியற்காலையில் வேல்ஸின் ஆங்கிள்சி தீவுப் பாறையில் மோதி உடைந்தது. ஆஸ்திரேலியத் தங்கச் சுரங்கங்களில் சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் அதில் நிறைய. கிட்டத்தட்ட 450 பேர் செத்தார்கள். பிழைத்தது சுமார் 40 பேர். அந்தப் புயலில் மொத்தம் 130-க்கும் மேற்பட்ட கப்பல்கள் நாசம்.

ஃபிட்ஸ்ராய் அப்போது செய்த வேலையை ஒரு ஜிஐஎஸ் மாணவனாக நான் ரொம்ப ரசித்துப் படித்தேன். கலங்கரை விளக்கங்கள், கடலோரக் காவலர்கள், கப்பல்கள் எல்லோரிடமிருந்தும் அந்த நாட்களின் குறிப்புகளைச் சேகரித்தார். ஒவ்வொரு குறிப்பிலும் இடம், நேரம், காற்றழுத்தம், வெப்பநிலை, காற்றின் திசை. தனித்தனியாகப் பார்த்தால் அவை வெறும் எண்கள். அவர் ஒரே நேரத்தில் எடுத்த அளவுகளை மட்டும் பிரித்தெடுத்து ஒரு தாளில் குறித்தார். அடுத்த நேரத்துக்கு இன்னொரு தாள். இப்படியே அக்டோபர் 21-லிருந்து நவம்பர் 2 வரை. தாள்களை வரிசையாக வைத்தால் புயல் சுழன்றுகொண்டே நகர்வது கண்ணுக்குத் தெரிந்தது. நாம் லேயர் லேயராகப் போட்டு டைம் ஸ்லைடரை நகர்த்துவது இதே வேலைதான்.

ஒரே நேரம் என்பது சின்ன விஷயமில்லை. எங்கள் டீமின் வெள்ள மேப் ப்ராஜெக்ட்டில் ஒரு நிலையத்தின் மழை அளவு காலை 8.30 வரை கணக்கிட்டது, இன்னொன்று நள்ளிரவு வரை கணக்கிட்டது. அது தெரியாமல் இரண்டையும் ஒரே லேயரில் போட்டு, இல்லாத இடத்தில் மழையை வரவழைத்து, கைடிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

அந்தத் தாள்கள் இன்னொன்றையும் காட்டின. புயல் இங்கிலாந்தின் தெற்குக் கரையைத் தாக்கியது 25-ஆம் தேதி மாலை. ராயல் சார்ட்டர் உடைந்தது மறுநாள் விடியலில். நடுவில் பல மணி நேரம் இருந்தது. கப்பலோ அன்று மதியம்தான் ஹோலிஹெட் துறைமுகத்தை ஒட்டிக் கடந்து போயிருந்தது. புயலை விட வேகமாகப் போகும் ஒன்று, அதாவது தந்தி, அப்போதே நாடு முழுக்க இருந்தது. கரையில் ஒரு அடையாளம் ஏற்றியிருந்தால் அந்தப் பக்கம் போகிற கப்பல்கள் பார்த்து ஒதுங்கியிருக்க முடியும்.

1860 ஜூனில் அரசு அனுமதி கொடுத்தது. கரையோரம் 15 இடங்களிலிருந்து தினமும் காலையில் அளவுகள் தந்தியில் லண்டன் வரும். ஆபத்து தெரிந்தால் துறைமுகங்களுக்குத் தந்தி போகும். அங்கே கம்பத்தில் கித்தான் துணியால் செய்த கருப்புக் கூம்பும் உருளையும் ஏறும். கூம்பு மேல்நோக்கி இருந்தால் வடக்கிலிருந்து காற்று, கீழ்நோக்கி இருந்தால் தெற்கிலிருந்து. உருளை ஏறினால் ஒன்றன்பின் ஒன்றாகப் பல திசைக் காற்று. இரவில் அதே வடிவத்தில் விளக்குகள். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் கூம்பு முக்கோணமாகவும் உருளை சதுரமாகவும்தான் தெரியும். கொடியில் இந்த வசதி கிடையாது, காற்றடித்தால் சுருண்டுகொள்ளும். எவ்வளவு எளிமையான டிசைன் பாருங்க!

முதல் எச்சரிக்கை 1861 பிப்ரவரி 6 அன்று போனது. வடகிழக்குக் கரையில் பல கப்பல்கள் அதைக் கண்டுகொள்ளாமல் கிளம்பின. 9-ஆம் தேதி புயல் அடித்தது. விட்பி என்ற ஊரில் மட்டும், அடுத்தடுத்து உடைந்த கப்பல்களில் இருந்தவர்களைக் காப்பாற்றப் போன மீட்புப் படகு கவிழ்ந்து 12 பேர் இறந்தார்கள்.

அதே வருஷம் ஆகஸ்ட் 1 முதல் டைம்ஸ் பத்திரிகையில் பொதுமக்களுக்கான வானிலைக் கணிப்பும் வர ஆரம்பித்தது. ஆங்கிலத்தில் ஃபோர்காஸ்ட் என்ற சொல்லை வானிலைக்குப் பயன்படுத்தியது இவர்தான். ஜோசியம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதால் பார்த்துப் பார்த்து எடுத்த சொல்.

ஆனாலும் அப்படித்தான் நினைத்தார்கள். கணிப்பு தப்பினால் கேலி. கூம்பு ஏறிப் புயல் வராவிட்டால், படகு போகாத நாளுக்குக் கணக்குச் சொல்லி முதலாளிகள் கோபப்பட்டார்கள். கணிப்பை அச்சடித்த டைம்ஸே அதைக் கிண்டலும் செய்தது. சரியான கோட்பாடு இல்லாமல் எதிர்காலத்தைச் சொல்லலாமா என்று விஞ்ஞானிகள் ஒரு பக்கம். ரெட் அலர்ட் என்று கலெக்டர் லீவு விட்டு, அன்றைக்கு வெயில் அடித்தால் நம்ம க்ரூப்பில் எத்தனை மீம் ஓடுகிறது? நானும் ஷேர் செய்திருக்கிறேன். அந்த முடிவை எடுத்தவர் முந்தின நாள் ராத்திரி எந்த மேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நான் யோசித்ததே இல்லை.

ஃபிட்ஸ்ராய்க்கு மீம் எல்லாம் தாங்கும் மனசு இல்லை. தவறுகளைப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதி எழுதி விளக்கினார். சொந்தப் பணம் பொதுவேலையில் கரைந்துபோயிருந்தது. காது கேட்பது குறைந்தது. டார்வினின் கொள்கை தன் மத நம்பிக்கையை உடைக்கிறது, அதற்குத் தானே கப்பலில் இடம் கொடுத்தோம் என்ற வேதனை வேறு. 1865 ஏப்ரல் 30, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது 59. குடும்பத்துக்காக நண்பர்கள் திரட்டிய நிதிக்கு டார்வின் 100 பவுண்டு கொடுத்தார்.

அவர் போனதும் பிரான்சிஸ் கால்டன் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்து அவர் வேலையைக் குடைந்தது. கணிப்புகளுக்கு அறிவியல் அடிப்படை போதாது என்றது. 1866 டிசம்பரில் கூம்புகள் இறக்கப்பட்டன. அப்போதுதான் துறைமுக ஊர்களிலிருந்து குரல் எழும்பியது. கடலுக்குப் போகிறவர்களுக்குக் கோட்பாடு முக்கியமில்லை, கம்பத்தில் கூம்பு வேண்டும். ஒரு வருஷத்துக்குள், 1867 கடைசியில், எச்சரிக்கை திரும்ப வந்தது. பத்திரிகைக் கணிப்பு திரும்ப வர 1879 ஆனது. இதில் வேடிக்கை, 1875-ல் டைம்ஸில் முதல் வானிலை மேப்பை வெளியிட்டது அதே கால்டன்தான்.

நம்ம பக்கம், 1864-ல் கல்கத்தாவைப் பெரும்புயல் சூறையாடிய பிறகு, ஃபிட்ஸ்ராய் இறந்த அதே 1865-ல், அந்தத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை தொடங்கியது. பின்னாளில் அது மற்ற துறைமுகங்களுக்கும் பரவி, பதினொரு எண்கள் கொண்ட கூண்டு வரிசையாகி, கடலூர் வரை வந்து சேர்ந்தது.

பிரிட்டனில் கப்பல்களுக்கான வானிலை அறிக்கையை ரேடியோவில் கடல் பகுதி கடல் பகுதியாகப் பெயர் சொல்லி வாசிப்பார்கள். 2002-ல் ஸ்பெயினுக்கு வடமேற்கே இருக்கும் ஃபினிஸ்டெர் பகுதியின் பெயரை மாற்றினார்கள். இப்போது அந்தப் பட்டியலில் ஒரு மனிதரின் பெயரால் இருக்கும் ஒரே கடல், ஃபிட்ஸ்ராய்.