தளை அறுத்த தூசேன்

விடியற்காலையில் நம் விடுதியில் காப்பிக்காக வரிசையில் நிற்கிறோம். சர்க்கரை குறைந்தால் சமையற்காரரிடம் சண்டைக்கும் போகிறோம். இந்தக் காப்பியும் சர்க்கரையும் ஒரு காலத்தில் எத்தனை மனிதரின் குருதியில் விளைந்தன என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. தூசேன் லூவெர்த்தூர் என்ற மாவீரனின் வாழ்க்கையைப் படித்த பிறகே எண்ணலானேன்.

மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்று ஹிஸ்பானியோலா. அதன் மேற்குப் பகுதியை 1697இல் ஸ்பெயின் பிரான்சுக்கு விட்டுக்கொடுத்தது. பிரெஞ்சுக்காரர் அதனைச் சேன் தொமாங் என்றனர். இன்று அதுவே ஹெயிட்டி. 1789 அளவில் ஐரோப்பா உண்ட சர்க்கரையில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கும், காப்பியில் பாதிக்கு மேலும் அச்சிறு நாட்டிலிருந்தே சென்றன. அங்கே வெள்ளையர் சுமார் 30,000 பேர். அடிமைகளோ ஏறத்தாழ 5,00,000 பேர்!

கரும்பு காத்திருக்காத பயிர். வெட்டிய ஒரு நாளைக்குள் பிழிந்தாக வேண்டும். இல்லையேல் சாறு புளித்துவிடும். ஆகவே, அறுவடைக் காலத்தில் ஆலை இரவும் பகலும் ஓடியது. தூக்கக் கலக்கத்தில் உருளையில் கை சிக்கினால் வெட்டிவிடக் கோடரி ஒன்று பக்கத்திலேயே இருக்கும். அடிமைகளிடையே பிறப்பைவிட இறப்பே மிகுதி. குறையைக் கப்பல்கள் நிரப்பின. 1780களின் இறுதியில் ஆண்டுதோறும் சுமார் 30,000 ஆப்பிரிக்கர் அங்கே இறக்கப்பட்டனர். பிள்ளையை வளர்த்து ஆளாக்குவதைவிட வளர்ந்தவனை விலைக்கு வாங்குவதே இலாபம் என்பது தோட்ட முதலாளிகளின் கணக்கு!

இத்தகைய ஒரு தோட்டத்தில், பிரேதா என்னுமிடத்தில், 1743 அளவில் அடிமையாகப் பிறந்தவர் தூசேன். குதிரைகளைப் பழக்குவதில் வல்லவர். பச்சிலை மருத்துவம் அறிந்தவர். தோட்ட மேலாளரின் வண்டியோட்டியாக உயர்ந்தார். 1776க்குள் விடுதலையும் பெற்றுவிட்டார். இனி வருவதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. விடுதலை பெற்ற அவர், 1779இல் ஒரு காப்பித் தோட்டத்தை அதன் அடிமைகளோடு குத்தகைக்கு எடுத்திருக்கிறார்!

1791 ஆகஸ்டு மாதத்தில் வட சமவெளி தீப்பற்றி எரிந்தது. அடிமைகள் பல்லாயிரவராகத் திரண்டு ஆலைகளையும் கரும்புக் காடுகளையும் கொளுத்தினர். தூசேன் உடனே பாய்ந்துவிடவில்லை. முன்னாள் மேலாளரின் குடும்பத்தைப் பத்திரமாக அனுப்பிவிட்டு, அதன்பின் புரட்சியில் சேர்ந்தார். முதலில் ஸ்பானியரோடு நின்று பிரெஞ்சுக்காரரை எதிர்த்தார். 1794 பிப்ரவரியில் பாரிசில் கூடிய புரட்சிப் பேரவை அடிமை முறையை ஒழித்தது. அதன்பின் அவர் பிரெஞ்சுப் பக்கம் வந்தார். 1798இல் ஆங்கிலப் படையை வெளியேற்றினார். 1801இல் தீவு முழுவதும் அவர் கையில்! அவ்வாண்டு அவர் இயற்றுவித்த அரசியற் சட்டம் அடிமைத்தனத்தை என்றென்றைக்கும் ஒழித்தது. அவரையே ஆயுட்கால ஆளுநராகவும் ஆக்கியது.

ஆனால், படைக்குத் துப்பாக்கி வேண்டும். துப்பாக்கிக்குப் பணம் வேண்டும். பணமோ கரும்பிலும் காப்பியிலுமே இருந்தது. எனவே, விடுதலை பெற்றோர் பழைய தோட்டங்களை விட்டு அகலக் கூடாது என்று ஆணையிட்டார் தூசேன். விளைச்சலில் நாலில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலி, சவுக்கு இல்லை, ஆனால் காவலுக்குப் படைவீரர்! மக்கள் கேட்டதோ தமக்கென்று ஒரு துண்டு நிலம். 1801 இறுதியில் வடக்கே உழைப்பாளர் கிளர்ந்தெழுந்தனர். அதற்குக் காரணமென்று தம் வளர்ப்பு மருமகனான மொயீசையே சுட்டுக் கொல்லச் செய்தார்.

நெப்போலியன் தன் தங்கை கணவர் லெக்ளேர் தலைமையில் அனுப்பிய பெரும்படை 1802இல் வந்திறங்கியது. சமாதானம் பேச வாருங்கள் என்று அழைத்து, ஜூன் மாதத்தில் தூசேனைச் சிறைப்பிடித்தனர். பிரான்சின் ழூரா மலையில் உள்ள ழூக் கோட்டையின் குளிரில், 1803 ஏப்ரல் 7ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். எனினும் அவர் மூட்டிய தீ அணையவில்லை. தெசாலின் தலைமையில் மக்கள் வென்றனர். 1804 சனவரி முதல் நாள் ஹெயிட்டி சுதந்தர நாடாயிற்று. அந்த நாட்டிடமே 1825இல் பிரான்சு 15 கோடி பிராங்கு இழப்பீடு கேட்டது. அடிமைகளாயிருந்தவர்கள் ஆண்டைகளுக்கு நட்டஈடு தருவதாம்! என்னே கொடுமை!

தூசேன் குற்றமற்றவர் என்று நான் சொல்ல மாட்டேன். தோட்டத்தை வைத்துக்கொண்டு அடிமைத்தனத்தை மட்டும் அகற்ற முடியுமா? அந்தக் கேள்விக்கு அவர் விடை காணவில்லை. அவருக்குப் பின் வந்தவர்கள் கண்ட விடையோ நம்மைச் சுடுவது. 1848இல் பிரான்சு மார்த்தினிக், குவாதலூப் தீவுகளில் அடிமைகளை விடுவித்தது. கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே! 1850களில் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் கப்பலேற்றப்பட்டனர். அவர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில்கள் அத்தீவுகளில் இன்றும் உள்ளன.

நாளைக் காலை காப்பிக் குவளையைக் கையில் எடுக்கும்போது, நண்பர்களே, அந்த வண்டியோட்டியை ஒரு கணம் நினையுங்கள். காரைக்காலில் கப்பலேறிய நம்மவரையும் நினையுங்கள்.