மார்க் போட்ட சிறை அதிகாரி

வாத்தியார் மார்க் போடுவார், நமக்குத் தெரியும். ஜெயில் அதிகாரி மார்க் போட்ட கதை தெரியுமா?

அவர் பெயர் அலெக்சாண்டர் மெக்கோனகி. 1787-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தார். பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தார். 1811-ல் கப்பல் உடைந்து எதிரிகளிடம் மாட்டிக்கிட்டு, இரண்டு வருஷத்துக்கு மேல் பிரெஞ்சுக்காரர்களின் கைதியாக இருந்தார். சிறைன்னா என்னன்னு உள்ளே இருந்து பார்த்தவர். அதனால்தான் பின்னாளில் அப்படி நடந்துகொண்டார் என்று நான் நினைக்கிறேன். லண்டனில் புவியியல் பேராசிரியராகவும் இருந்திருக்கிறார்.

1840-ல் நார்போக் தீவுக்குப் பொறுப்பாளராகப் போனார். அது ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே பசிபிக் கடலில் இருக்கிறது. நாடு கடத்தப்பட்டு வந்த இடத்திலும் மறுபடி குற்றம் செய்தவர்களை அங்கேதான் அனுப்புவார்கள். சவுக்கடியும் கால்சங்கிலியும் அங்கே சாதாரணம். மெக்கோனகி புது ஏற்பாடு கொண்டுவந்தார். இத்தனை வருஷம் இருக்கணும் என்பதற்குப் பதில், இத்தனை மார்க் சம்பாதிக்கணும் என்றார். ஒழுங்காக வேலை செய்தால் மார்க் ஏறும். தப்பு செய்தால், முடிந்தவரை அடிக்குப் பதில் மார்க் குறையும். சாதாரணச் சாப்பாடு சும்மா கிடைக்கும். அதற்கு மேல் வேணும்னா மார்க் கொடுத்து வாங்கணும். செலவு செய்யாமல் சேர்த்தால் சீக்கிரம் விடுதலை! ஆறு ஆறு பேராகச் சேர்த்து, ஒருத்தன் தப்புக்கு ஆறு பேருக்கும் மார்க் குறைப்பதும் அவர் திட்டத்தில் உண்டு. (எனக்கு இது மட்டும் பிடிக்கலை.)

அந்த வருஷம் மே மாதம் விக்டோரியா ராணியின் பிறந்தநாளுக்குக் கைதிகளை வெளியே விட்டு விருந்து, நாடகம், வாணவேடிக்கை எல்லாம் நடத்தினார். ஒரு கலாட்டாவும் இல்லை. ஆனால் கேள்விப்பட்ட வெளியூர்க்காரர்களுக்குத்தான் கோபம்.

சிக்கல் வேறு இடத்தில். மார்க்கை வைத்து என்ன வாங்க முடியும் என்பதில்தானே அதன் மதிப்பு? பழைய கைதிகளுக்கு மார்க்கைப் பார்த்துத் தண்டனையைக் குறைக்க மேலிடம் சம்மதிக்கலை. பாவம், அவர்கள் சேர்த்தது செல்லாக் காசு மாதிரி ஆச்சு. 1843-ல் ஆளுநர் கிப்ஸ் சொல்லாமல் வந்து பார்த்து, தீவு ஒழுங்காக இருப்பதாக எழுதினார். அந்தக் கடிதம் லண்டன் சேருமுன்பே நீக்க உத்தரவு கிளம்பிவிட்டது! 1844-ல் தீவை விட்டார். 1849-ல் பர்மிங்காம் சிறைக்குத் தலைவரானார். 1851-ல் அங்கேயும் நீக்கிவிட்டார்கள். 1860-ல் காலமானார்.

நூறு வருஷம் கழித்து, 1960-களில், அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு மனநல மருத்துவமனையில் அய்லன், அஸ்ரின் என்ற இரு உளவியலாளர்கள் இதே மாதிரி செய்தார்கள். தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்ட நோயாளிக்கு டோக்கன். அதைக் கொடுத்து சினிமா பார்க்கலாம், கடைச் சாமான் வாங்கலாம். இதற்கு ‘டோக்கன் எகானமி’ என்று பெயர். அங்கே டோக்கனை நீட்டினால் சாமான் கைக்கு வந்தது.