ஒரு தகப்பனின் மனஸ்தாபம்



இடிதாங்கியைக் கண்டுபிடித்த பெஞ்சமின் பிராங்க்ளினைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அவர் அருமை மகனைப் பறிகொடுத்த தகப்பன் என்பது உங்களில் பலருக்குத் தெரியாதிருக்கலாம்.

பிராங்க்ளின் 1706-ம் ஆண்டு அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பிறந்தார். அவருக்கு 15 வயதாயிருக்கையில், 1721-ல், அந்நகரில் வைசூரி பரவிற்று. நோயாளியின் கொப்புளத்துச் சீழைச் சுகமுள்ளவனின் கையில் கீறி வைப்பதே அக்காலத்து அம்மை குத்துதல். பெரும்பாலோர்க்கு அம்மை லேசாய் வந்து போகும். சிலர் அதனாலேயே இறப்பதும் உண்டு. டாக்டர் பாயில்ஸ்டன் ஏறக்குறைய 240 பேருக்குக் குத்தினார். அவர்களில் 6 பேர், அதாவது 40 பேருக்கு ஒருவர், மாண்டார்கள். தானாக நோய் கண்டவர்களிலோ 7 பேருக்கு ஒருவர் மாண்டார். ஆயினும் ஊரார் பலர் டாக்டர் மேல் சீறினார்கள். பிராங்க்ளின் அச்சுத்தொழில் பழகிய அவருடைய அண்ணனின் பத்திரிகையும் அவரைத் தாக்கிற்று.

பின்னர் பிராங்க்ளின் பிலடெல்பியாவில் சொந்தப் பத்திரிகை நடத்தி, அம்மை குத்துவதை ஆதரித்தார். 1736-ல் அவ்வூரில் வைசூரி கண்டது. அவருடைய மகன் பிரான்சிஸுக்கு வயது 4. பிள்ளை வயிற்றுப்போக்கால் மெலிந்திருந்தான். உடம்பு தேறியதும் குத்தலாம் என்று தகப்பன் காத்திருந்தார். வைசூரி காத்திருக்கவில்லை. நவம்பர் மாதத்தில் பிள்ளை மரித்தான்.

அம்மை குத்தியதால்தான் பிள்ளை இறந்தான் என்ற பேச்சு ஊரில் எழுந்தது. அதை நம்பி மற்றப் பெற்றோர் பின்வாங்குவார்களே என்று, குத்தாததால் வந்த மரணம் இது என்பதை அவர் தம் பத்திரிகையிலேயே பிரசுரித்தார். 1759-ல், அம்மை குத்தும் முறையை விளக்கி இலவசமாய் வழங்கப்பட்ட ஒரு சிறு நூலுக்கு முகவுரையும் எழுதினார். 1790-ல் இறக்கும் வரை அந்தத் துக்கம் அவரை விடவில்லை. குத்தி இறந்தால் நம்மை நாமே மன்னிக்க முடியாதே என்று அஞ்சும் பெற்றோருக்குத் தம் சுயசரிதையில் அவர் காட்டிய உண்மை ஒன்றே: குத்தாமல் இறந்தாலும் துக்கம் அவ்வளவே, ஆகையால் ஆபத்துக் குறைந்த வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பெற்றோரே, வைசூரி ஒழிந்ததென்று 1980-ல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. தட்டம்மை ஒழியவில்லை. அது கண்ட ஆயிரம் பிள்ளைகளில் ஏறக்குறைய ஒருவருக்கு மூளை வீங்குகிறது. ஊசியால் காய்ச்சல் வரலாம். பெரிய தீங்கு மிக அபூர்வம். சளி, இருமல் என்று நாமாக நாள் தள்ளாமல், பிள்ளையை டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். ஊசி போடாமலிருப்பதும் நாம் செய்யும் ஒரு தீர்மானமே. அதன் பலனும் பிள்ளையின் தலைமேல்தான் விழும்.