பெங்களூர் நாகரத்தினம்மாளின் ஆளுமையும் பெண் வேட்கை குறித்த நோக்கும்

பெங்களூர் நாகரத்தினம்மாளை (1878–1952) இசையுலகம் திருவையாற்றுத் தியாகராசர் சமாதியோடு இணைத்தே நினைவுகூர்கிறது. பெண்ணின் காமவேட்கையைப் பெண்ணொருத்தி பாடிய காவியத்தைப் பதிப்பித்து அரசின் தடைக்கு உள்ளானவர் அவர் என்ற செய்தி பெரும்பாலும் ஓரிரு வரிகளில் கடந்து செல்லப்படுகிறது. பக்தியும் அப்பதிப்பும் தம்முள் முரணானவை என்னும் எண்ணம் இதற்குக் காரணமாகலாம். இரண்டும் ஒரே ஆளுமைப் பண்பினின்று கிளைத்தவை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மைசூரை அடுத்த நஞ்சன்கூட்டில் தேவதாசி மரபில் பிறந்த அவர், தாய் புட்டலட்சுமியின் முயற்சியால் இசையோடு வடமொழியும் தெலுங்கும் பயின்றார். பின்னர்ச் சென்னையில் குடியேறிக் கச்சேரிகளால் பெரும்பொருள் ஈட்டினார். கல்வியும் பொருளும் தம்முடையனவாக இருந்தமையால் பிறர் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் தேவை அவருக்கு எழவில்லை.

18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் விளங்கியவர் முத்துப்பழனி. திருப்பாவையைத் தெலுங்கில் ஆக்கியவரும் இவரே. இவரது இராதிகா சாந்துவனத்தில், தான் வளர்த்த இளாவைக் கண்ணனுக்கு மணமுடித்துவைத்த இராதை, பின்பு பிரிவாற்றாது சினக்கிறாள். கண்ணன் பணிந்து ஆற்றுவிக்கிறான். கூடலில் வேட்கையை முதலில் புலப்படுத்துபவள் பெண்ணே. நாச்சியார் திருமொழியில் பயின்றோர்க்கு இது புதிதன்று. ஆயினும், கைம்பெண் மறுமணத்துக்காகப் போராடிய கந்துகூரி வீரேசலிங்கம் போன்ற சீர்திருத்தவாதியே இந்நூலை நாணமற்ற கணிகையின் படைப்பு என இகழ்ந்தார்.

முன்னர் வெளிவந்த அச்சுநூல் பாடல்கள் விடுபட்டுக் குறையுடையதாக இருந்ததால், நாகரத்தினம்மாள் சுவடியை நாடிப் பெற்று, 1910இல் வாவிள்ள நிறுவனத்தின் வழியாக முழுநூலையும் வெளியிட்டார். நாணம் பெண்ணுக்கு மட்டுமே உரியதா, ஆண்புலவர் பாடிய இன்பச்சுவையை ஏற்போர் இதனை மட்டும் விலக்குவது ஏன் என்பன அவர் எழுப்பிய வினாக்கள். காமத்தை விதந்து போற்றுவது அவர் நோக்கமன்று; ஒரே பொருளுக்குப் பாடுவோரின் பாலைக் கொண்டு இருவேறு அளவுகோல் வைப்பதையே அவர் மறுத்தார். 1911இல் ஆபாசம் எனக் கருதி அரசு நூற்படிகளைப் பறிமுதல் செய்தது. அறிஞர்தம் விண்ணப்பங்களும் பயனளிக்கவில்லை.

இதே பண்பைத் திருவையாற்றிலும் காண்கிறோம். தம் பொருளைச் செலவிட்டுத் தியாகராசர் சமாதியில் அவர் எழுப்பிய கோயில் குடமுழுக்குக் கண்டது. ஆராதனையில் பெண்கள் பாட இடம் மறுக்கப்பட்டபோது, பெண் கலைஞர்களைக் கூட்டித் தனியே ஆராதனை நடத்தினார். அங்கும் அவர் கேட்டது பெண்ணின் குரலுக்கு உரிய இடத்தையே.

தேவதாசி முறை ஒழிப்பில் அவர் எடுத்த நிலைப்பாடு இன்றும் விவாதத்துக்குரியது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியை அவர் தம் மரபினரோடு சேர்ந்து எதிர்த்தார். அம்முறையில் சிக்கிய சிறுமியரின் துயரை நோக்க, முத்துலட்சுமியின் பக்கமே நியாயம் மிகுதி. அவர் தோற்றுவித்த அடையாறு அவ்வை இல்லம் அதற்குச் சான்று. ஆனால், கலையும் கல்வியும் சொத்துரிமையும் உடைய பெண்களையும் ஒழுக்கக்கேட்டின் உருவாகவே சித்திரித்ததை நாகரத்தினம்மாளால் ஏற்க இயலவில்லை.

1947இல் பிரகாசத்தின் ஆட்சியில் நூலின் மீதிருந்த தடை நீங்கியது. தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டில்தான். ஐந்தாண்டுகளுக்குப் பின் திருவையாற்றில் மறைந்த நாகரத்தினம்மாளின் சமாதி, தியாகராசர் சமாதிக்கு அருகிலேயே அமைந்துள்ளது.