நூல்களுக்கு முகவரி தந்தவர்

நூலகத்தில் ஒரு புத்தகம் கேட்கிறோம். நூலகர் நேரே சென்று எடுத்துத் தருகிறார். அதற்கென ஒருவர் முன்னரே மூளையைச் செலவிட்டிருக்கிறார் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? அந்த நூற்பட்டியலாளரை வெறும் எழுத்தர் நிலையிலிருந்து உயர்த்திய பெருமகனார், 1892இல் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதன் ஆவார்.

இளமையிலேயே தந்தையை இழந்த அவர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கணிதம் பயின்று, மங்களூர், கோவை, பின் சென்னை மாநிலக் கல்லூரி எனக் கணிதமே கற்பித்து வந்தார். 1923இல் சென்னைப் பல்கலைக்கழகம் நூலகர் பதவிக்கு ஆள் தேடியது. ஏறத்தாழ 900 பேர் விண்ணப்பித்தனர்; நூலகக் கல்வி பயின்றவர் ஒருவரும் இல்லை! சென்னையில் அப்படியொரு வகுப்பு இருந்தால்தானே? 1924இல் பதவியேற்ற அரங்கநாதனுக்கு அந்தத் தனிமை பிடிக்கவில்லை. மீண்டும் கணித வகுப்புக்கே ஓட நினைத்தார். இலண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்து முடிவு செய்யலாம் என்று பெரியவர்கள் தடுத்தனர். நல்ல வேளை!

இலண்டனில் கடை ஒன்றில் மெக்கானோ விளையாட்டுப் பெட்டியைக் கண்டார். அதே துண்டுகள், பூட்டும் வகையால் வெவ்வேறு பொம்மைகள் ஆகின்றன. நூலின் பொருளையும் இப்படிப் பூட்டினால் என்ன? தமிழகத்தில் நெற்பயிர் நோய் பற்றிய நூலை எடுத்துக்கொள்வோம். வேளாண்மை, நெல், நோய், தமிழகம் எனப் பிரித்து, ஒவ்வொன்றிற்கும் ஒரு குறி தந்து, முக்காற்புள்ளியால் இணைத்தார். இதுவே 1933இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை. மறு ஆண்டு பட்டியலாக்க விதிகளையும் நூலாக்கினார்.

இம்முறையில் தலைப்பைப் பார்த்து எழுதினால் போதாது. பட்டியலாளர் நூலைப் புரிந்துகொண்டாக வேண்டும். எனவே பயிற்சி தேவைப்பட்டது. 1929இல் சென்னை நூலகச் சங்கத்தின் சார்பில் கோடை வகுப்பு தொடங்கினார். பல்கலைக்கழகம் பின்னர் அதை ஏற்றது. 1937இல் அது ஓராண்டுப் பட்டயப் படிப்பாயிற்று. பட்டதாரிகள் படிக்கும் துறையாக நூலகம் மாறியது. அவரது கலைச்சொற்கள் மிரட்டத்தான் செய்கின்றன. இந்திய நூலகங்கள் பலவும் இன்று டூயியின் முறையையே பின்பற்றுகின்றன. ஆனால் பொருளைக் கூறுகளாகப் பிரிக்கும் அவர்தம் சிந்தனையை உலகம் எடுத்துக்கொண்டது.

1948இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டத்திற்கும் அவர் உழைப்பே அடிப்படை. முகப்பேரில் எங்கள் வீட்டு வரியுடன் சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோமே, அது அச்சட்டம் தந்தது. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த என் போன்றோர் பாடநூலை விலைக்கு வாங்காமல் படிப்பது இவ்வாறுதான்.

பின்னர் தம் சேமிப்பிலிருந்து ஓர் இலட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகவியல் பேராசிரியர் பதவிக்கென, மனைவி சாரதாவின் பெயரையும் சேர்த்து அளித்தார். 1962இல் பெங்களூரில் ஆவணப் பயிற்சி மையம் கண்டார். 1972 செப்டம்பர் 27 அன்று மறைந்தார்.

அட்டை இழுப்பறைகள் இன்று கணினிக்கு இடம் தந்துவிட்டன. ஒரு நூலகம் செய்த பதிவை இன்னொன்று நொடியில் நகலெடுக்கிறது. ஆயின் எவரும் இதுவரை பதியாத தமிழ் நூலொன்று மேசைக்கு வரும்போது, நகலெடுக்க ஏதுமில்லை. பட்டியலாளர் அதைத் திறந்து படிக்கத்தான் வேண்டியிருக்கிறது.