சின்ன சமஸ்தானத்தில் பிறந்து டில்லியைக் கலக்கிய தீரர் சத்தியமூர்த்தி

புதுக்கோட்டைக்குத் தெற்கே ஏறக்குறைய 12 மைல் தூரத்தில் திருமயம் என்ற ஊர் இருக்கிறது. பாறை மேல் கோட்டை. பாறையைக் குடைந்து கோவில்கள். 1887ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 19ந்தேதி அந்த ஊரில் ஒரு குழந்தை பிறந்தது. சத்தியமூர்த்தி என்று பெயர் வைத்தார்கள்.

பிற்காலத்தில் அந்தக் குழந்தை டில்லி சட்டசபையில் எழுந்து நின்றால் வெள்ளைக்கார அதிகாரிகள் காகிதக் கட்டுகளைப் புரட்டத் தொடங்குவார்கள். என்ன கேட்பாரோ, எதில் மாட்டுவாரோ என்ற கவலை!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவர் பிறந்த மண்ணுக்கு அந்தச் சட்டசபையில் ஓர் இடம் கூடக் கிடையாது. அவர் அங்கே போய் உட்கார்ந்தது சென்னைப் பட்டணத்தின் பிரதிநிதியாக! இராயபுரம், கல்மண்டபம், தண்டையார்ப்பேட்டை, மயிலாப்பூர், திருவல்லிக்கேணி எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஒரே இடம்தான்.

அது எப்படி நடந்தது?

தொண்டைமான் சீமை

வெள்ளைக்காரர் காலத்தில் இந்தியா முழுவதும் ஒரே மாதிரி ஆளப்படவில்லை. ஒரு பகுதியை அவர்கள் நேராக ஆண்டார்கள். மறு பகுதியில் ராஜாக்களும் நவாபுகளும் ஆண்டார்கள். அவர்களுக்கு மேலே வெள்ளைக்கார சர்க்கார் உட்கார்ந்திருந்தது. ராஜாக்கள் ஆண்ட பகுதிக்கு சமஸ்தானம் என்று பெயர்.

தமிழ்நாட்டின் நடுவே இருந்த சமஸ்தானம் புதுக்கோட்டை. தொண்டைமான் மன்னர்கள் ஆண்டார்கள். பரப்பளவு ஏறக்குறைய 1,180 சதுர மைல். மக்கள் தொகை ஐந்து லட்சத்துக்கும் குறைவு. சுற்றிலும் திருச்சி, தஞ்சை, ராமநாதபுரம் ஜில்லாக்கள். அவையெல்லாம் வெள்ளைக்காரர் ஆட்சியில். நடுவில் இது மட்டும் தனி.

சமஸ்தானத்துக்குள் 1902ல் ஒரு பிரதிநிதி சபை ஏற்பட்டது. 1924ல் சட்டசபையும் வந்தது. ஆனால் டில்லியில் 1921ல் தொடங்கிய மத்திய சட்டசபையில் எந்தச் சமஸ்தானத்துக்கும் இடம் இல்லை. மன்னர்கள் கூடுவதற்கு டில்லியில் ஒரு மண்டலம் இருந்தது. மன்னர்களின் குடிமக்கள் பேசுவதற்கு ஒன்றும் இல்லை.

உப்பு வரியும் சுங்க வரியும் டில்லியில் முடிவாகும். ரயில் கட்டணம் டில்லியில் முடிவாகும். திருமயத்துக் குடியானவனும் கடையில் அந்த விலைதான் கொடுத்தாக வேண்டும். ஆனால் அவன் சார்பில் ஏன் என்று கேட்க டில்லியில் ஆள் இல்லை.

இளமை

சத்தியமூர்த்தியின் தந்தை சுந்தர சாஸ்திரி. திருமயத்தில் வக்கீலாக இருந்தார். தாயார் சுப்புலட்சுமி. சத்தியமூர்த்தியின் இளம் வயதிலேயே தந்தை காலமாகிவிட்டார். குடும்ப பாரம் பிள்ளையின் தலையில் விழுந்தது.

அவர் மனம் தளரவில்லை. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் படித்தார். பிறகு சென்னைக்கு வந்தார். கிறிஸ்தவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். சட்டம் படித்து வக்கீல் ஆனார்.

வக்கீல் தொழிலில் பணம் குவித்திருக்கலாம். நல்ல நாவன்மை, நல்ல ஆங்கிலம், வடமொழிப் புலமை எல்லாம் இருந்தன. ஆனால் அவர் மனம் தேசத்தின் பக்கம் போயிற்று. காங்கிரஸில் சேர்ந்தார்.

1919ல் அவருக்கு வயது 32. அப்போது இந்தியாவுக்குப் புதிய அரசியல் சீர்திருத்தம் கொடுப்பது பற்றி லண்டன் பாராளுமன்றக் கமிட்டி விசாரித்துக் கொண்டிருந்தது. அதன் முன் இந்தியர் கட்சியைச் சொல்லக் காங்கிரஸ் ஒரு தூதுக்குழுவை அனுப்பியது. அந்தக் குழுவில் சத்தியமூர்த்தியும் கப்பல் ஏறினார்.

உள்ளே போய்ப் போராடுவதா?

காந்தியடிகள் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கினார். சட்டசபைகளைப் பகிஷ்கரிக்க வேண்டும் என்பது அதில் ஒரு திட்டம்.

சத்தியமூர்த்திக்கு இதில் வேறு அபிப்பிராயம். வெளியே நின்று போராடுவது போல உள்ளே புகுந்தும் போராட வேண்டும் என்று அவர் நினைத்தார். சித்தரஞ்சன தாசும் மோதிலால் நேருவும் அதே கருத்து உடையவர்கள். அவர்கள் சுயராஜ்யக் கட்சியை ஆரம்பித்தார்கள். சத்தியமூர்த்தி அதில் சேர்ந்து 1923ல் சென்னை சட்டசபைக்குள் நுழைந்தார்.

அங்கே ஒரு விஷயத்தில் அவர் எடுத்த நிலை சரியில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டபோது சத்தியமூர்த்தி அதை எதிர்த்தார். காலம் டாக்டர் அம்மையார் பக்கம்தான் தீர்ப்புச் சொல்லியது.

1930ல் சட்ட மறுப்பு இயக்கம் வந்தது. அவர் சட்டசபையை விட்டு வெளியேறினார். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோவில் மேல் தேசியக் கொடியை ஏற்ற முயன்றார். போலீசார் பிடித்துக் கொண்டு போனார்கள்.

நாடகம் என்றால் அவருக்கு உயிர். தாமே வேஷம் கட்டி நடித்தவர். கலைஞர்களை உயர்வாக நடத்தினார். பாடகர்களையும் நடிகர்களையும் தேசிய இயக்கத்துக்குள் இழுத்து வந்தார். கே. பி. சுந்தராம்பாள் காங்கிரஸ் மேடைகளில் பாடியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

1934 தேர்தல்

1934ல் மத்திய சட்டசபைக்குத் தேர்தல் வந்தது. இம்முறை காங்கிரஸ் போட்டியிட முடிவு செய்தது. சென்னை நகரத் தொகுதியில் சத்தியமூர்த்தி நின்றார்.

எதிரே நின்றவர் சாமானியர் அல்ல. ஜஸ்டிஸ் கட்சியின் மூளை என்று பெயர் பெற்ற சர் ஏ. ராமசாமி முதலியார்! படிப்பு, பதவி, பேச்சுத் திறமை எல்லாம் உள்ளவர். அவர் தோற்பார் என்று அவர் கட்சியினர் கனவிலும் நினைக்கவில்லை. ஆனால் சத்தியமூர்த்தி ஜெயித்தார்.

அந்தக் காலத்து ஓட்டு எப்படிப்பட்டது என்பதை இன்றைய பிள்ளைகள் தெரிந்து கொள்ள வேண்டும். இப்போது போல 18 வயது ஆன எல்லோருக்கும் ஓட்டு இல்லை. சொத்து உள்ளவர்கள், வரி கட்டுகிறவர்கள் முதலிய சிலருக்குத்தான் ஓட்டு. துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர், காசிமேட்டில் வலை இழுத்தவர், ரயில்வேப் பட்டறையில் சம்மட்டி பிடித்தவர் இவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டே கிடையாது. கூட்டத்துக்கு வரலாம், கை தட்டலாம். ஓட்டுப் பெட்டியின் அருகே போக முடியாது.

ஆகவே இரண்டு விதமான ஊமைகள் இருந்தார்கள். சமஸ்தானத்துக் குடிமகனுக்கு டில்லியில் இடமே இல்லை. பட்டணத்து ஏழைக்கு இடம் இருந்தும் ஓட்டு இல்லை.

கேள்வி நேரம்

டில்லி சபையில் ஏறக்குறைய 140 அங்கத்தினர்கள். சுமார் 40 பேர் சர்க்காரால் நியமிக்கப்பட்டவர்கள். மற்றவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். புலாபாய் தேசாய் காங்கிரஸ் கட்சியின் தலைவர். சத்தியமூர்த்தி உதவித் தலைவர்.

சபைக்கு அதிகாரம் குறைவு. அது ஒரு மசோதாவைத் தள்ளினாலும் வைஸ்ராய் தம் விசேஷ அதிகாரத்தால் அதைச் சட்டமாக்கி விடுவார். வரி வேண்டாம் என்று சபை சொன்னாலும் வரி வந்துவிடும்.

ஆனால் கேள்வி கேட்பதை வைஸ்ராயாலும் நிறுத்த முடியாது. அதைத்தான் சத்தியமூர்த்தி ஆயுதமாக எடுத்தார். இரவெல்லாம் அறிக்கைகளையும் கணக்குகளையும் படிப்பார். காலையில் ஒரு சின்னக் கேள்வி கேட்பார். அதிகாரி பதில் சொல்வார். அந்தப் பதிலிலிருந்தே அடுத்த துணைக் கேள்வியைக் கிளப்புவார். பிறகு இன்னொன்று. கடைசியில் அதிகாரி மூடி மறைத்த விஷயம் வெளியே வந்துவிடும். மறுநாள் பத்திரிகைகளில் நாடே படிக்கும்.

1936ல் ஒட்டாவா வர்த்தக ஒப்பந்தத்தை முடித்துக் கொள்ள வேண்டும் என்று சபை தீர்மானித்தது. பிரிட்டிஷ் சாமான்களுக்குச் சலுகை காட்டிய ஒப்பந்தம் அது. அதிகாரம் குறைந்த சபையிலும் ஒற்றுமையாக நின்றால் சர்க்காரைத் தோற்கடிக்க முடியும் என்று நாடு கண்டது.

மன்னருக்கு இடம், மக்களுக்கு இல்லை

1935ல் லண்டனில் புதிய இந்தியச் சட்டம் நிறைவேறியது. மாகாணங்களையும் சமஸ்தானங்களையும் சேர்த்து ஒரே சமஷ்டி அமைக்க அதில் வழி செய்தார்கள். கீழ்ச் சபையில் 375 இடங்கள். அதில் சமஸ்தானங்களுக்கு 125. மேல் சபையில் 260 இடங்கள். அதில் 104 சமஸ்தானங்களுக்கு.

புதுக்கோட்டை போன்ற இடங்களுக்கு விடிவு வந்தது போலத் தோன்றும். ஆனால் அதில் ஒரு தந்திரம் இருந்தது. அந்த இடங்களுக்கு ஆட்களை அனுப்புவது மக்கள் அல்ல, மன்னர்கள்! மன்னர் நியமித்தவர் வெள்ளைக்காரர் பக்கம்தான் கை தூக்குவார். ஆகவே காங்கிரஸ் அந்தச் சமஷ்டியை எதிர்த்தது. மன்னர்களில் பலரும் சேரத் தயங்கினார்கள். இதற்குள் 1939ல் உலக யுத்தம் மூண்டது. சமஷ்டி பிறக்காமலே போயிற்று.

கிடைக்காத பதவி

1937ல் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் பெருவெற்றி பெற்றது. அந்த வெற்றிக்கு ஊர் ஊராக அலைந்து உழைத்தவர்களில் முதல் வரிசையில் நின்றவர் சத்தியமூர்த்தி. ஆனால் ராஜாஜி பிரதமர் ஆனார். சத்தியமூர்த்தி மந்திரி சபையில் இல்லை.

அவருக்கு வருத்தம் இல்லாமல் இருந்திருக்காது. ஆனாலும் கட்சியை உடைக்கவில்லை. டில்லியில் தம் வேலையைத் தொடர்ந்து பார்த்தார்.

இந்தக் காலத்தில் அவர் செய்த இன்னொரு காரியம் நாட்டுக்கே நன்மையாக முடிந்தது. விருதுநகர் இளைஞர் ஒருவரைத் தட்டிக் கொடுத்து வளர்த்தார். 1936ல் சத்தியமூர்த்தி தமிழ்நாடு காங்கிரஸ் தலைவர், அந்த இளைஞர் காரியதரிசி. 1940ல் இளைஞர் தலைவர் ஆனார். குரு காரியதரிசி ஆகிச் சீடருக்குக் கீழே வேலை செய்தார்! அந்த இளைஞர்தான் காமராஜர்.

பூண்டி ஏரி

1939ல் சத்தியமூர்த்தி சென்னை மேயர் ஆனார். அப்போது நகரில் கடுமையான தண்ணீர்ப் பஞ்சம். செங்குன்றம் ஏரி போதவில்லை.

கொசஸ்தலை ஆறு மழைக்காலத்தில் பெருக்கெடுத்து எண்ணூரில் கடலில் கலந்து வீணாகிக் கொண்டிருந்தது. அந்த ஆற்றின் குறுக்கே பூண்டியில் அணை கட்டும் திட்டத்தை அவர் விடாப்பிடியாக நின்று நடத்தினார். யுத்த காலம். பணமும் சாமானும் கிடைப்பது அரிது. அப்படியும் 1940ல் அஸ்திவாரக்கல் நாட்டப்பட்டது. 1944ல் அணை திறக்கப்பட்டது.

திறப்பு விழாவைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. இன்று அந்த ஏரிக்கு அவர் பெயர்தான். அதில் 3,231 மில்லியன் கன அடி தண்ணீர் தேக்கலாம். குழாயடியில் குடத்தை வைக்கும் சென்னைத் தாய்மார்களுக்கு அந்த மேயரின் கொடை இன்னும் வந்து கொண்டிருக்கிறது.

முடிவு

1940ல் தனிநபர் சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றார். சிறையிலிருந்து தம் ஒரே மகள் லட்சுமிக்குக் கடிதங்கள் எழுதினார். 1942 ஆகஸ்டில் பம்பாய்க் காங்கிரஸ் கூட்டத்துக்குப் போய்த் திரும்பியபோது மறுபடி கைதானார். அமராவதி சிறைக்குக் கொண்டு போனார்கள். முதுகெலும்பில் அடிபட்டது. உடம்பு தேறவில்லை. 1943 மார்ச் 28ந்தேதி சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் காலமானார். வயது 55. சொத்து சேர்க்கவில்லை. சுதந்திரத்தையும் பார்க்கவில்லை.

இடம் வந்தது, போனது

அவர் மறைந்த பிறகு காரியங்கள் வேகமாக நடந்தன. அரசியல் நிர்ணய சபையில் சமஸ்தானங்களுக்கும் இடம் கிடைத்தது. பத்து லட்சம் பேருக்கு ஓர் இடம் என்று கணக்கு. சிறிய சமஸ்தானங்களைக் கூட்டாகச் சேர்த்தார்கள். 1948 மார்ச் 3ந்தேதி புதுக்கோட்டை இந்தியாவுடன் இணைந்து திருச்சி ஜில்லாவில் சேர்ந்தது.

முதல் பொதுத் தேர்தலில் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. ஆண், பெண், ஏழை, பணக்காரர் வித்தியாசம் இல்லை. லோக்சபையில் புதுக்கோட்டைக்குத் தனித் தொகுதி! 1952ல் முத்துசாமி வல்லத்தரசு வெற்றி பெற்றார். 1962லும் 1967லும் தொழிலாளர் தலைவர் உமாநாத் ஜெயித்தார். வட சென்னைக்கும் 1957ல் தனித் தொகுதி ஏற்பட்டது. அங்கே ஜெயித்தவர் தொழிற்சங்கத் தலைவர் அந்தோணிப் பிள்ளை. ஒரு காலத்தில் ஓட்டே இல்லாத துறைமுகத் தொழிலாளி தனக்கு வேண்டிய ஆளைத் தானே டில்லிக்கு அனுப்பினான்.

1974ல் புதுக்கோட்டை தனி ஜில்லா ஆயிற்று. ஆனால் 2009 தேர்தலுக்கு முன் தொகுதிகளைத் திருத்தி அமைத்தபோது புதுக்கோட்டை லோக்சபைத் தொகுதி மறைந்தது. ஜில்லாவின் ஆறு சட்டசபைத் தொகுதிகளும் திருச்சி, கரூர், சிவகங்கை, ராமநாதபுரம் என்ற நாலு தொகுதிகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. சத்தியமூர்த்தி பிறந்த திருமயம் இப்போது சிவகங்கையில் ஓட்டுப் போடுகிறது. எங்கள் தொகுதியைத் திருப்பிக் கொடுங்கள் என்று புதுக்கோட்டை மக்கள் கேட்டு வருகிறார்கள்.

அன்று இடமே இல்லாத ஊரின் பிள்ளை, வேறு ஊரின் இடத்தில் உட்கார்ந்து நாடு முழுவதற்கும் பேசினார். இன்று எல்லோர் கையிலும் ஓட்டு இருக்கிறது. தொகுதி பெரியதோ சிறியதோ, அங்கே போகிறவர் இரவில் கண் விழித்துப் படிக்கிறாரா, காலையில் எழுந்து கேள்வி கேட்கிறாரா என்று பார்ப்பது ஓட்டுப் போட்டவர்களின் பொறுப்பு. அந்தப் பொறுப்பை நாம் மறக்காமல் இருப்பதே தீரர் சத்தியமூர்த்திக்குச் செய்யும் மரியாதை.