கண்டுகொண்ட கண்கள்



தேர்வு முடிவு வெளியாகும் நாளில் பங்கு இல்லத்துக்கு வரும் பெற்றோர் இரு வகையினர். மிட்டாய்ப் பொட்டலத்தோடு மலர்ந்த முகமாய் வருவோர் ஒரு வகை. பையன் தோற்றுவிட்டான் சாமி, இனிப் படிப்பு எதற்கு என்று தலைகுனிந்து நிற்போர் மறு வகை. இந்த இரண்டாம் வகையினரை மனத்தில் வைத்தே, கணித மேதை சீனிவாச இராமானுஜனின் வாழ்க்கையை இந்த யூபிலி மலரில் எழுதுகிறேன்.

இராமானுஜன் 1887 டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தார். தந்தை துணிக்கடையில் கணக்கர், எளிய குடும்பம். டவுன் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர்களையே வியக்க வைத்தார். 1904இல் பள்ளிப் படிப்பை முடித்தபோது தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர் கணிதப் பரிசை அவருக்கு அளித்தார். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையும் கிடைத்தது.

அங்கேதான் சோதனை தொடங்கியது. கணக்கைத் தவிர வேறெதிலும் அவர் மனம் செல்லவில்லை. மற்றப் பாடங்களில் தோற்றார், உதவித்தொகை பறிபோனது. 1905இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். அடுத்த ஆண்டு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். நம் செங்கற்பட்டு வழியாகச் செல்லும் இரயில் பாதையே கும்பகோணத்தையும் சென்னையையும் இணைப்பது. பெரு நம்பிக்கையோடு சென்றவர் அங்கும் எஃப்.ஏ. தேர்வில் தோற்றார். அத்தோடு கல்லூரி வாழ்வு முடிந்தது.

அக்கல்லூரி ஆசிரியர்களைக் குறைகூற நான் வரவில்லை. அவர்கள் விதியின்படியே நடந்தார்கள். எல்லாப் பாடத்தையும் ஒரே தராசில் நிறுத்தது அந்த விதி. மலையளவு திறமை ஒரு தட்டில் இருந்ததைக் காட்ட அத்தராசில் முள் இல்லை.

1909இல் ஜானகியை மணந்தார். வேலை வேண்டும். கணக்குகள் எழுதிய நோட்டுப் புத்தகங்களைக் கையில் ஏந்தி, திருக்கோவலூரில் டெப்டி கலெக்டராய் இருந்த இராமசாமி ஐயரைக் கண்டு, ஒரு சிறு குமாஸ்தா வேலை கேட்டார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவர் அவர். நோட்டைப் புரட்டியவர் திகைத்தார். இத்தகைய அறிவைத் தாலுகா கச்சேரியில் புதைக்க மனமின்றி, சென்னையிலிருந்த கணித அன்பர்களிடம் அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1912 மார்ச் மாதம் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தா வேலை அமைந்தது. அங்கு மேலதிகாரியான நாராயண ஐயர், பணி முடிந்த இரவுகளில் சிலேட்டும் பலப்பமுமாய் அவரோடு அமர்ந்து கணக்குப் போட்டார்.

1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் சென்றது. முன்பே வேறு ஆங்கிலக் கணித அறிஞர்களுக்கு எழுதியும் பயனில்லை. ஹார்டியோ தம் நண்பர் லிட்டில்வுட்டோடு அமர்ந்து படித்து, எழுதியவர் மேதை என்று தெளிந்தார். அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம், பட்டம் பெறாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை வழங்கியது. மனிதனுக்காக விதி வளைந்தது!

1914 மார்ச்சில் கப்பலேறினார். அவர் அறியாத அடிப்படைகளைக் கற்பிக்கும்போதும், அவருடைய தன்னம்பிக்கை முறியாதபடி ஹார்டி கவனமாயிருந்தார். 1916இல் கேம்பிரிட்ஜ் பட்டமும், 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் என்ற பெருமையும் வந்தன. ஆனால் உடல் நலிந்தது. 1919இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26ஆம் நாள் சென்னையில், 32ஆம் வயதில் காலமானார். அவர் பிறந்த நாளையே தேசிய கணித நாளாக 2012 முதல் நாடு கொண்டாடுகிறது.

தோற்றவரெல்லாம் இராமானுஜன் என்று நான் சொல்லவில்லை. தோல்வி திறமைக்கு அடையாளமும் அன்று. திறமையின்மைக்கு முடிவான சான்றும் அன்று. பார்த்துத்தான் அறிய வேண்டும். நம் கடற்கரைச் சிறுவன் ஒருவன் காற்றின் திசையையும் நீரின் நிறத்தையும் கண்டே மீன் கிடக்கும் இடத்தைச் சொல்வான். வேறொருவன் கைபட்டால் கல் பேசும். அத்தகையோருக்காகவே 1957இல் மாமல்லபுரத்தில் அரசு சிற்பப் பயிற்சிக்கூடம் தொடங்கிற்று. அழுகிற தோழியைத் தேற்றத் தெரிந்த சிறுமிக்கும் ஒரு வரம் உண்டு. அதற்கு மதிப்பெண் இல்லை.

ஓர் உண்மையைச் சொல்லி முடிக்கிறேன். இளங்குருவாய் வேறோர் ஊரில் மறைக்கல்வி நடத்தியபோது, செபங்களை மனப்பாடமாய் ஒப்பிக்கத் தெரியாத பையனைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தேன். ஆலயத்தில் பழுதாகிக் கிடந்த கடிகாரத்தை அவன் பிரித்துச் சரிசெய்த பிறகே, அவனை நான் ஒரு நாளும் சரியாகப் பார்த்ததில்லை என்று உணர்ந்தேன். அதற்குள் அவன் படிப்பை விட்டிருந்தான்.

இறைவன் எல்லாருக்கும் ஒரே தாலந்தைத் தரவில்லை. பெற்றோரே, ஆசிரியர்களே, இன்று மாலை உங்கள் பிள்ளையின் மதிப்பெண் அட்டையை மூடி வைத்துவிட்டு, பிள்ளையைப் பாருங்கள்.